நிறுத்திவைத்த மறுமொழி

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ராயப்பராஜ் ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, பரீட்சைக்கான பாஸ்போர்ட் படம் எல்லாம் எடுப்பார். கூடவே, யாரும் விரும்பிச் செய்யாத ஒரு வேலையும் 1991லிருந்து அவரிடம் வந்து சேர்ந்திருந்தது. ஊர் பேர் தெரியாமல் இறந்து கிடப்பவர்களைப் போலீசுக்காகப் படம் எடுத்துக் கொடுப்பது. ரயில் பாதையோரம், சத்திரத்து வாசல், சந்தைக் கொட்டகை என்று எங்கிருந்து ஆள் வந்து கூப்பிட்டாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். முகம், கை கால், உடுத்தியிருந்த துணி, பையில் இருந்த பொருள் என்று தனித்தனியாக எடுப்பார். ஒரு பிரதி ஸ்டேஷனுக்குப் போகும். நெகட்டிவ் அவரிடம் தங்கிவிடும்.

2006இல் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் தன் அண்ணனைத் தேடிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தாள். யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். பழைய நெகட்டிவ்களைத் துழாவியதில் அண்ணன் கிடைத்தான். ஆறு வருடத்துக்கு முன்பு எடுத்த படம். அவள் அழுது முடித்துக் கிளம்பிய பிறகு ராயப்பராஜுக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. இந்தப் படங்கள் ஒரு பெட்டிக்குள் கிடப்பதால் யாருக்கு என்ன பயன் என்று தோன்றியது.

ஊருக்குள்ளேயே பேகம்பூரில் இன்டர்நெட் சென்டர் நடத்திய நசீம் பானுவிடம் போய்ச் சொன்னார். அவரைவிட இருபது வயது இளையவள். அவருடைய படங்களை ஸ்கேன் செய்து கொடுப்பவளும் அவள்தான்.

"பிளாக் ஒண்ணு தொறந்துருவோம்ணே. காசு கெடையாது. உலகத்துல எங்க இருந்தும் பாக்கலாம்" என்றாள்.

'இவரைத் தெரியுமா' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். இறந்தவர் முகத்தை ஊருக்கெல்லாம் காட்டக் கூடாது என்பதில் ராயப்பராஜ் கண்டிப்பாக இருந்தார். துணியும் பொருளும் மட்டும் படமாக வரும். உயரம், வயது, கிடைத்த இடம், தேதி எழுத்தில் வரும். உடம்பில் இருந்த அடையாளங்களில் ஒன்றை மட்டும் வேண்டுமென்றே எழுதாமல் விடுவார். தேடி வருகிறவர் அதைச் சொன்னால்தான் முகப் படத்தை எடுத்துக் காட்டுவார். அவர் பேனாவால் எழுதிக் கொடுக்க, நசீம் தட்டச்சு செய்து ஏற்றுவாள். இரண்டு வருடத்தில் அறுபத்து மூன்று பதிவுகள் ஆயின. அதன் மூலம் மூன்று குடும்பங்கள் தங்கள் ஆளைக் கண்டுபிடித்துப் போயின.

2008 ஆடி மாதம், அந்த இலவச பிளாக்கை நடத்திய கம்பெனி கடையைக் கட்டப் போவதாக அறிவித்தது. முப்பது நாளில் எல்லாம் அழிந்துவிடும். வேண்டியவர்கள் தங்கள் எழுத்தை ஒரே கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். நசீம் இறக்கி வைத்துக்கொண்டாள். சொந்தமாக ஒரு தளத்துக்கு இடம் பிடித்தாள். இறக்கிய கோப்பைப் பிரித்து, பதிவு பதிவாகப் புதிய தளத்துக்குள் அடுக்குவதற்கென்றே ஒரு பிளக்-இன் உண்டு. அதையும் அங்கே போட்டாள்.

அது லேசில் முடியவில்லை. முதல் தடவை கோப்பு பெரிதாக இருக்கிறது என்று தள்ளிவிட்டது. நாலு துண்டாக வெட்டிக் கொடுத்தாள். உள்ளே போன தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறிகளாக வந்து நின்றது. எல்லாவற்றையும் அழித்து, எழுத்துமுறையை மாற்றி, மறுபடி ஏற்றினாள். பாதியில் கரண்ட் போனது. மூன்றாம் நாள் முற்பகலில்தான் சரியாக ஓடத் தொடங்கியது. ராயப்பராஜும் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தார்.

"யாரு பேர்ல போடணும்னு கேக்குதுண்ணே."

"அப்படின்னா?"

"பழசுல எல்லாம் எம் பேர்ல இருந்துச்சு. நான்தான ஏத்துனேன். இப்ப மாத்திக்கலாம். எழுதுனது நீங்க, உங்க பேரையே குடுத்துர்றேன்."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். கொஞ்ச நேரத்தில் திரையில் கணக்கு வந்தது. பதிவுகள் அறுபத்து மூன்று. மறுமொழிகள் ஐம்பத்தெட்டு. அதற்குக் கீழே, ஒப்புதலுக்காகக் காத்திருப்பவை நாற்பத்தொன்று.

நசீம் அந்தக் கடைசி வரியை இரண்டு தரம் படித்தாள்.

பிளாக் தொடங்கிய புதிதில் சில பேர் இறந்தவர்களின் படத்துக்குக் கீழே கேலியும் ஆபாசமும் எழுதிவிட்டுப் போனார்கள். அதைத் தடுக்கத்தான், வரும் மறுமொழிகளைத் தான் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே வெளியே காட்டும்படி அவள் மாற்றி வைத்தாள். வந்திருப்பதைத் தெரிவிக்க ஒரு மின்னஞ்சல் வரும். அந்த மின்னஞ்சல் பெட்டி எப்போதோ நிரம்பிவிட்டது. அவளும் வேறொன்றுக்கு மாறிவிட்டாள். தகவல் வரவில்லை என்றால் யாரும் எழுதவில்லை என்று நினைத்துக்கொண்டாள். எழுதியவை அத்தனையும் உள்ளே கிடந்திருக்கின்றன. பிளக்-இன் நல்லது கெட்டது பார்க்காமல் இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்துவிட்டது.

ஒவ்வொன்றாகத் திறந்தாள். மருந்து விளம்பரம், வசை, யாரோ ஒருவர் எழுதிய அனுதாபம். முப்பதாவதோ என்னவோ, பதினேழாம் பதிவுக்குக் கீழே இது இருந்தது.

'ஐயா, என் பெயர் பாண்டியராஜ். சேவுகம்பட்டி. இப்போது திருப்பூரில் வேலை. இந்தச் சட்டையும் பையும் என் அப்பா ஒச்சப்பனுடையது போல இருக்கிறது. அவர் 2004இல் செங்கல் சூளை வேலைக்குத் திருச்சிப் பக்கம் போனார். திரும்பவில்லை. அவருக்கு இடது காலில் சுண்டுவிரல் இருக்காது. சின்ன வயதில் மண்வெட்டி பட்டுப் போனது. இவருக்கும் இல்லையென்றால் தயவுசெய்து பதில் போடுங்கள்.' கீழே ஒரு தொலைபேசி எண். தேதி 2007 மே 20.

பதினேழாம் பதிவு கொடைரோடு ரயில் நிலையத்துக்கு வெளியே, 2005 ஆகஸ்டில், கல் பெஞ்சில் சாய்ந்தபடி இறந்திருந்த மனிதருடையது. நீலக் கட்டம் போட்ட சட்டை. மேல் பட்டன் மட்டும் மற்றவற்றைவிடப் பெரியது. மஞ்சள் பையில் ஒரு வேட்டியும் ஒரு டஜன் கண்ணாடி வளையலும் இருந்தன. ராயப்பராஜ் எழுதாமல் விட்ட அடையாளம், இடது காலில் சுண்டுவிரல் இல்லாதது.

"பதினாலு மாசம்ணே..." என்றாள் நசீம். "பதினாலு மாசமா அந்தப் பையன் கேட்டுக்கிட்டே நிக்கிறான். நான் கதவச் சாத்தி வச்சுட்டேன்."

ராயப்பராஜ் அந்த எண்ணுக்கு அடித்துப் பார்த்தார். உபயோகத்தில் இல்லை என்று பதிவுக் குரல் சொன்னது.

"நாளைக்கு நான் ஊருக்கே போய்ப் பாக்குறேம்மா."

"நானும் வாரேன்."

"மொதல்ல நான் போயிட்டு வந்துர்றேன். போனில சொல்ற சேதியில்ல இது. கூட்டமா போயும் சொல்லக் கூடாது."

மறுநாள் செம்பட்டி வழியாக வத்தலக்குண்டு போய், அங்கிருந்து மினி பஸ்ஸில் சேவுகம்பட்டிக்குப் போனார். சட்டைப் பைக்குள் படங்கள் இருந்த உறை இருந்தது. ஒச்சப்பன் வீடு என்று கேட்டதும் டீக்கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்தாளு காணாமப் போயி நாலு வருசமாச்சே. சம்சாரம் கருப்பம்மா மட்டுந்தேன் இருக்கு. வாய்க்காலத் தாண்டி கத்தரிக் காட்டுல களை வெட்டிக்கிட்டு இருக்கும், பாருங்க."

கருப்பம்மாளுக்கு நாற்பத்தெட்டு வயதிருக்கும். களைக்கொத்தைப் பிடித்தபடி நிமிர்ந்தாள். நெற்றியில் குங்குமம் இருந்தது. மஞ்சள் கயிற்றில் தாலி. ராயப்பராஜ் தான் யார் என்பதைச் சொன்னார். திண்டுக்கல்லில் போட்டோ பிடிக்கிறவர். கம்ப்யூட்டரில் படம் போடுகிறவர்.

அவர் மேற்கொண்டு பேசுவதற்குள் அவள் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"இம்புட்டு நாளு கழிச்சு வாறீகளே" என்றாள்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வந்தது அவருக்கு மறந்துபோனது. "ஒங்க மகன் எழுதுனத நாங்க பாக்காம விட்டுட்டோம்மா. நேத்துத்தான் பாத்தோம். எங்க தப்பு. மன்னிச்சுக்கங்க" என்றார்.

அவள் அழவில்லை. காட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டாள். பக்கத்தில் யாரும் இல்லை.

"அவன் அந்தப் படத்தக் காயிதத்துல எடுத்துக்கிட்டு ஊருக்கு வந்தான். 'கேட்டு எழுதிப் போட்டிருக்கேன்மா, அப்பா சட்டையா பாரு'ன்னான். பாத்த ஒடனே தெரிஞ்சு போச்சுண்ணே. மேல் பித்தான் அந்துபோயி நான்தேன் எஞ் சீலைப் பொட்டியில கெடந்ததை வச்சுத் தச்சேன். பெருசா இருக்குன்னு அந்த மனுசன் கூட வஞ்சாரு."

"அப்ப மகன்கிட்ட..."

"இல்லைன்னுட்டேன். ஒங்கப்பாட்ட இப்புடிச் சட்டையே கெடையாதுடான்னுட்டேன்."

வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கையிலிருந்த மண்ணை உதறினாள்.

"மக மகேசுவரிக்கு அந்த ஆவணியில கலியாணம் பேசி முடிச்சிருந்துச்சு. சாவு வீடுன்னா ஒரு வருசம் ஒண்ணும் செய்யக் கூடாதும்பாக. மாப்ள வீட்டுல அம்புட்டு நாளு பொறுக்க மாட்டாக. அப்புடியே பொறுத்தாலும் எம்மக கழுத்துல தாலி ஏறயில நான் தள்ளி நிக்கணும். அந்த மனுசன் திரும்பி வர மாட்டாரு. பிள்ளைக்காவது நல்லது நடக்கட்டும்னு நெனச்சேன். ஆனா ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் பயம். அவன் அன்னிக்குத்தேன் கம்ப்யூட்டரு பாப்பான். நீங்க பதில் போட்டுருவீகளோ, போட்டுருவீகளோன்னே கெடந்தேன். வரவே இல்ல. அந்த மனுசனே நமக்குத் தவணை குடுக்காருன்னு நெனச்சுக்கிட்டேன்."

"கலியாணம் நடந்துச்சா?"

"நல்லா நடந்துச்சு. நான் முன்னால நின்னேன்." அவள் களைக்கொத்தைக் கீழே வைத்தாள். "அதுக்கப்புறம் சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன். எந்த வாயால சொல்லுவேன்? பெத்த தாயே பொய் சொல்லிட்டான்னு அவன் நெனைப்பான்ல."

ராயப்பராஜ் உறையை எடுக்கவில்லை. படத்தை மகனும் கூட இருக்கையில் காட்டுவதே முறை என்று பட்டது. மகனின் புது எண்ணை வாங்கிக்கொண்டார். அவர் எழுந்தபோது அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அண்ணே, ஒங்களப் பொய் சொல்லச் சொல்லல. எனக்கு முன்னாடியே தெரியும்ங்கறத மட்டும் நீங்களா அவன்ட்டச் சொல்லிறாதீக."

அவர் தலையசைத்துவிட்டு நடந்தார். திரும்பி வரும் வழியில், பஸ் செம்பட்டியில் நின்றிருந்தபோது, தான் ஒப்புக்கொண்டது சரியா என்று யோசித்துப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் இன்னொருவர் பாரத்தையும் வாங்கி வந்தாகிவிட்டது.

பாண்டியராஜிடம் தொலைபேசியில் அதிகம் பேசவில்லை. அப்பா விஷயமாக அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். மறுமுனையில் தையல் மெஷின்களின் இரைச்சல் கேட்டது. "வாரேன் சார்" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து ராயப்பராஜ் வந்தபோது தாயும் மகனும் ஸ்டுடியோ வாசலில் நின்றிருந்தார்கள். நசீமும் வந்து சேர்ந்தாள். பாண்டியராஜுக்கு இருபத்தாறு வயது. ஒல்லியான ஆள். உறையைக் கொடுத்ததும் முதலில் கால்களின் படத்தை எடுத்தான். இடது பாதத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தான். பிறகுதான் முகப் படம்.

கருப்பம்மாள் எட்டிப் பார்த்தாள். அடுத்த நொடி அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர்கள் வெளியே வந்தார்கள். "என் ராசா, இப்புடியா ஒத்தையில கெடந்தே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். தெரிந்திருந்தவள்தான். ஆனாலும் அந்த முகத்தை இன்றுதான் பார்க்கிறாள். அவள் அழுகையில் கொஞ்சமும் நடிப்பில்லை என்பது ராயப்பராஜுக்குத் தெரிந்தது.

அழுகை ஓய்ந்த பிறகு பாண்டியராஜ் பேசினான். சத்தம் போடவில்லை.

"ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் பாத்தேன் சார். மூணு மாசம். வேல முடிஞ்சு வந்து, சென்டர்ல வரிசையில நின்னு பாத்தேன்."

"தப்பு என்னுதுதாம்ப்பா" என்றாள் நசீம். "அவருக்கு இதப் பத்தி ஒண்ணும் தெரியாது. நான்தான்..."

"யாரு தப்பா இருந்தா என்னக்கா? கலியாணப் பத்திரிகையில எங்கப்பா பேர, உசுரோட இருக்குறவர் மாதிரி அடிச்சேன். மாமன் மச்சான் கேட்டப்ப வேலையில இருக்காரு, லீவு கெடைக்கலைன்னு சொன்னேன். அந்நேரம் அவரு மண்ணுக்குள்ள இருக்காரு. ஒரு திவசம் உண்டா? ஒரு வாய் தண்ணி உண்டா?" அவன் ராயப்பராஜ் பக்கம் திரும்பினான். "அம்மாட்ட காமிச்சேன், அது இல்லைன்னுச்சு. நீங்களும் பதில் போடல. ரெண்டும் ஒண்ணா இருக்கவும் நான் விட்டுட்டேன். நீங்க ஒரு வார்த்த போட்டிருந்தா, அம்மாவுக்கு அடையாளம் தெரியலைன்னு கண்டுபிடிச்சிருப்பேன்ல?"

கருப்பம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். "ஏலே பாண்டி..." என்று தொடங்கினாள். அவள் கண்கள் ராயப்பராஜிடம் போய் நின்றன.

ஒரே ஒரு வாக்கியம் போதும், அவன் கோபத்தில் பாதி வேறு பக்கம் போய்விடும். ராயப்பராஜ் அதைச் சொல்லவில்லை.

"நீ கேக்குறது நியாயம்ப்பா. ஒரு வார்த்த போட்டிருக்கணும். போடல" என்றார்.

பிறகு நால்வரும் ஆட்டோவில் திண்டுக்கல் இடுகாட்டுக்குப் போனார்கள். யாரென்று தெரியாதவர்களைப் புதைக்கும் பகுதி கடைசிச் சுவரோரம். 2005இல் போலீசார் அடக்கம் செய்து முடித்ததும் ராயப்பராஜ் இடத்தையும் ஒரு படம் எடுத்து வைத்திருந்தார். அந்தப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரிலிருந்த விரிசலையும் வேப்பமரத்தையும் பார்த்துப் பார்த்து அடி வைத்தார். நட்ட கல்லில் எழுதிய எண் மழையில் போயிருந்தது. இரண்டு மேடுகள் அருகருகே இருந்தன.

"இந்த ரெண்டுல ஒண்ணு. எதுன்னு அடிச்சுச் சொல்ல என்னால முடியலப்பா. பொய் சொல்லக் கூடாது."

பாண்டியராஜ் குனிந்து, இரண்டு மேட்டிலிருந்தும் ஒவ்வொரு பிடி மண் எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டான். "இன்னொருத்தரும் யாரு பெத்த பிள்ளையோ. ரெண்டு பேருக்கும் சேத்தே செஞ்சுருவோம்" என்றான். கருப்பம்மாள் இரண்டு இடத்திலும் தரையில் விழுந்து கும்பிட்டாள்.

திரும்பும் வழியில் நசீமின் சென்டருக்குப் போனார்கள். பதிவுக்கு மேலே 'பெயர் தெரியாத ஆண், வயது சுமார் ஐம்பது' என்றிருந்ததை அழித்துவிட்டு, ஒச்சப்பன், சேவுகம்பட்டி என்று அடித்தாள். கீழே பாண்டியராஜின் மறுமொழி இன்னும் காத்துக்கொண்டிருந்தது.

"இத எடுத்துறவாப்பா?" என்று தயங்கிக் கேட்டாள்.

"எடுக்காதீங்க. வெளிய விடுங்க. தேதியோட இருக்கட்டும்."

அவள் பொத்தானை அழுத்தினாள். ராயப்பராஜ் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க, அதை அடுத்த மறுமொழியாகச் சேர்த்தாள். 'இவர் உங்கள் அப்பாதான். இதை உங்களுக்குப் பதினான்கு மாதம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததற்கு நானே பொறுப்பு. ராயப்பராஜ்.'

"ஏண்ணே பொறுப்பு நீங்கன்னு போட்டீங்க?" என்றாள் நசீம், அவர்கள் போன பிறகு.

"எழுதுனவர்னு பதிவுல யாரு பேர் இருக்கு?" என்று கேட்டார். அன்று மாலையே மீதியிருந்த மறுமொழிகளையெல்லாம் இருவரும் உட்கார்ந்து படித்தார்கள். பதில் எழுத வேண்டியவை இன்னும் இரண்டு இருந்தன.

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். ஸ்டுடியோவுக்குப் போன் வந்தது. பாண்டியராஜ்.

"அண்ணே, பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அம்மா எல்லாத்தையும் சொல்லுச்சு. பித்தான் கதை, தங்கச்சி கலியாணம், எல்லாம்."

ராயப்பராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அம்மாவ ஏசினியாப்பா?"

"ரெண்டு நாளு பேசல. மூணாம் நாளு அது வச்ச சோத்தத் தின்னேன். வேற என்ன செய்ய?" பிறகு கேட்டான். "ஒங்களுக்கு மொதல்லயே தெரியுமாமே. அன்னிக்கு நான் அம்புட்டுக் கேட்டேன். ஏண்ணே சொல்லல?"

"அது ஒங்கம்மா சொல்ல வேண்டியது."

"அந்தக் கம்ப்யூட்டர்ல நானே பொறுப்புன்னு எழுதியிருக்கீங்க. அத எடுத்துருங்கண்ணே. பாக்குற போதெல்லாம் ஒரு மாதிரியா இருக்கு."

"அதுல பொய் ஒண்ணும் இல்லையேப்பா" என்றார் ராயப்பராஜ். "அம்மா சொன்னாலும் சொல்லாட்டியும், நீ கேட்ட. நாங்க தொறந்து பாக்கல. அது அப்படியே இருக்கட்டும்."

பாண்டியராஜ் சரி என்றான். மாசியில் காரியம் வைத்திருப்பதாகவும், மகேசுவரியும் மாப்பிள்ளையும் வருவதாகவும் சொன்னான். நசீம் அக்காவையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்றான்.

"வாரோம்" என்றார் ராயப்பராஜ். வைத்துவிட்டு, வாசலில் பாஸ்போர்ட் படத்துக்காகக் காத்திருந்தவரை உள்ளே வரச் சொன்னார்.